மொழி தெரியாதவர்களை ஏன் விடுகிறார்கள் என்று மகன் கேட்கிறான்

கேள்வி: 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகக் கனடா வந்தோம். மகனுக்கு அப்போது 2 வயது. ஓய்வெடுக்கும் வரை ஸ்காபரோவில் ஒரு பக்கிங் ஃபக்டரியில் இரவு ஷிப்ட் வேலை செய்தேன். பிள்ளைகள் படித்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் இங்கிலீஷ் சரளமாக வராது. போன மாதம் சாப்பாட்டு மேசையில் குடிவரவு பற்றிப் பேச்சு வந்தது. "மொழி தெரியாத ஆட்களை எல்லாம் ஏன் உள்ளே விடுகிறார்கள்? பத்து வருடம் இருந்தும் படிக்காதவர்களுக்கு இந்த நாட்டின் மேல் மதிப்பே இல்லை" என்றான் மகன். என் கணவரும் தலையாட்டினார். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். ஒன்பது வயதிலிருந்து டொக்டரிடமும் வங்கியிலும் பள்ளிக்கூடக் கூட்டத்திலும் எனக்காகக் கதைத்தவனே அவன்தான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?
- பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள அக்கா,

மகன் சொன்னதில் நீங்களும் அடக்கம்தான். ஆனால் உங்களை நினைத்துக்கொண்டு அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். மொழி தெரியாத ஆட்கள் என்றதும் பலருக்கும் செய்தியில் காட்டும் ஒரு கூட்டம்தான் மனதில் வரும். பக்கத்துக் கதிரையில் இருக்கிற அம்மா அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதனால் நீங்கள் ஏன் எழும்பிப் போனீர்கள் என்பது அவருக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். அதை அவருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்கு முன் அவர் கலந்து பேசிய விஷயங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எத்தனை பேரை எடுப்பது என்பது ஒரு கேள்வி. வீட்டு வாடகை, ஆஸ்பத்திரிக் காத்திருப்பு என்று எல்லாரும் நெருக்கடியில் இருக்கும்போது அதைக் கேட்பதில் பிழையில்லை. 2025ஆம் ஆண்டுக்கு 5 இலட்சம் என்று வைத்திருந்த நிரந்தர வதிவிட இலக்கை, 2024 அக்டோபரில் அரசே 3,95,000 ஆகக் குறைத்தது. இதில் மகனுக்குக் கவலை இருந்தால், அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

மொழி வேறு கேள்வி. எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகத் தொழில் தகுதியில் வருகிறவர்கள் ஆங்கிலமோ பிரெஞ்சோ சோதனை எழுதிப் புள்ளி எடுத்துத்தான் வருகிறார்கள். குடியுரிமை கேட்கும்போது 18 முதல் 54 வயது வரையானவர்கள் மொழி அறிவைக் காட்ட வேண்டும். அகதிக்கு வாசலில் மொழிச் சோதனை இல்லை. திரும்பிப் போனால் உனக்கு என்ன நடக்கும் என்பதுதான் அவரிடம் சட்டம் கேட்கும் கேள்வி. சொல்வதை நம்பலாமா என்பது பிரச்சினையாக இருக்கும் இடத்தில், அகதிக் கோரிக்கை வைத்த ஒருவரை நேரில் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்று 1985இல் சிங் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மொழி விளங்காதவருக்கு விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு தந்த உரிமை. உங்கள் வழக்கை நடத்தியபோதும் தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருப்பார். இரண்டு வயதுப் பிள்ளையோடு வந்த உங்களிடம் அன்றைக்கு இங்கிலீஷ் கேட்டிருந்தால், இன்று அந்த மேசையில் யார் இருந்திருப்பார்கள்?

1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்த கதையையும் மகனுக்குச் சொல்லுங்கள். மீன்பிடிக்க வந்தவர்கள் அவர்களைக் கண்டார்கள். முதலில் தங்கள் படகுகளில் ஏற்றினார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், மற்றக் கேள்வியெல்லாம் பிறகுதான். இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னவர்கள் மேற்கு ஜெர்மனியில் கப்பல் ஏறியவர்கள் என்பது தெரியவந்ததும் நாட்டில் பெரிய கோபம் எழுந்தது. அந்தக் கோபத்துக்கு நடுவிலும், படகில் வந்த அகதிகளைக் கடலுக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று பிரதமர் பிரையன் மல்ரோனி உறுதியாக நின்றார். இந்த நாட்டில் எங்களில் பலருடைய கதை அந்த மீனவர்களின் இரக்கத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மொழி படிக்காதவர்களுக்கு நாட்டின் மேல் மதிப்பில்லை என்றாரே, அதுதான் எனக்கு ஒத்துக்கொள்ள முடியாதது. புதிதாக வந்தவர்களுக்கான அரசின் லிங்க் (LINC) மொழி வகுப்புகள் 1992இல் தொடங்கின. வகுப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை, சரி. ஆனால் இரவு முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு விடியப் பஸ் ஏறி வருகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சமைத்து, நித்திரையும் கொள்ள வேண்டும். வேலையில் கதைத்துப் பழகலாமே என்பார்கள். காதடைப்பான் போட்டு நிற்கிற லைனில், ஒரு பக்கம் வியட்நாம்காரப் பெண், மறுபக்கம் சீனத்துப் பெண் என்றால் யாரோடு இங்கிலீஷ் கதைப்பது? அந்த நேரத்தையெல்லாம் நீங்கள் மகனுடைய படிப்பில் போட்டீர்கள். இன்றைக்கு அவர் மடமடவென்று பேசுகிற இங்கிலீஷில் உங்கள் இரவுகளும் இருக்கின்றன.

மொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொழி இல்லாததால் எத்தனை இடத்தில் குனிந்து நிற்க வேண்டி வந்தது என்பது உங்களுக்கே தெரியும். 1956ஐ இழுத்து வாதாடவும் வேண்டாம். அந்த வருடம் இலங்கையில் வந்த தனிச் சிங்களச் சட்டம் சொந்த நாட்டுக் குடிமக்களின் மொழியைத் தள்ளிவைத்தது. வந்தவர்களைப் பொது மொழி படிக்கச் சொல்வது அப்படிப்பட்டது இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் மகன் உடனே மடக்கிவிடுவார். மொழி தெரியாதவனுக்கு நாட்டுப் பற்று இல்லை என்கிற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று மட்டும் கேளுங்கள். அதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒன்பது வயது என்ற இடத்தைத்தான். அம்மாவின் உடம்பில் என்ன கோளாறு என்பதை டொக்டரிடமிருந்து முதலில் கேட்டவர் அந்தப் பிள்ளை. அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று தீர்மானித்தவரும் அவர்தான். வங்கியில் கடன் இல்லை என்றால் அந்த முகத்தையும் அவர்தான் பார்த்திருப்பார். பள்ளிக்கூடக் கூட்டத்தில் தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்க வேண்டியும் வந்திருக்கலாம். அந்தக் களைப்பும் பயமும் வெளியில் வர வழியில்லாமல், இப்போது முன்பின் தெரியாத ஆட்கள் மேல் கோபமாக வருகிறதோ என்று எனக்குப் படுகிறது. இதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. வளர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்தும் அங்கே இருந்த பெரியவர்கள் பேசாமல் இருந்தார்களே.

ஆகவே வாதத்தில் தொடங்காதீர்கள். எல்லாரும் இருக்கிற மேசையும் வேண்டாம். அவர் உங்களை எங்காவது காரில் கூட்டிப் போகும்போது, "நீ அன்றைக்குச் சொன்னது எனக்கு நல்லா நொந்தது" என்று சொல்லுங்கள். அப்புறம், "சின்ன வயதில் எனக்காகக் கதைக்கும்போது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அவர் கோபப்பட்டாலும் குறுக்கிடாதீர்கள். எனக்கு வேறு வழியிருந்ததா என்று உடனே கேட்க வாய் வரும். அன்றைக்கு மட்டும் அதைக் கேட்காமல் விடுங்கள். படகுக் கதையும் சட்டமும் அடுத்த பேச்சுக்கு இருக்கட்டும்.

கணவரிடம் நேராகவே கேளுங்கள். உங்கள் இரவு ஷிப்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் தலையாட்டியது சரியில்லை.

இனி டொக்டரிடம் போக நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். டொரொண்டோ ஆஸ்பத்திரிகள் பலவற்றில் தொலைபேசியிலாவது ஒருவரைப் பிடித்துத் தருவார்கள். மகன் வந்தால் மகனாகப் பக்கத்தில் இருக்கட்டும். வகுப்புக்குப் போக ஆசையிருந்தால், குடியுரிமை எடுத்தவர்களுக்கு லிங்க்கில் இடமில்லை, ஆனால் பள்ளிச் சபைகள் வளர்ந்தவர்களுக்கு நடத்தும் ஈஎஸ்எல் (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) வகுப்புகளில் விசாரித்துப் பாருங்கள். பகல் வகுப்புகளும் உண்டு. மகனுக்கு நிரூபித்துக் காட்டவென்று போகாதீர்கள். உங்களுக்கு விருப்பமென்றால் போங்கள்.