ராஜ்மகால் மலையில் முதல் கிறிஸ்துமஸ்: மிஷனெரிகளும் வீட்டாரும் கேட்டவை

ராஜ்மகால் மலை இருக்கும் ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச், பாகுர், கொட்டா மாவட்டங்களில் மால்தோ என்ற பழங்குடி மக்களிடையே ஊழியத்துக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் சிலருக்கு, வீட்டை விட்டுத் தள்ளியிருந்து கொண்டாடும் முதல் பண்டிகை இது. அவர்களும் பெற்றோரும் சபையாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்திலிருந்து ஒரு அம்மா: மகனுக்குப் பலகாரம் அனுப்பலாமா? எது கெடாமல் போய்ச் சேரும்?

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடுங்கள். பெரிய ஊர் வரைக்கும் வேகமாகப் போய்விடும். அங்கிருந்து கிளை அஞ்சலகத்துக்குப் போய், யாராவது எடுத்துக்கொண்டு மலையேறுவதில்தான் நாள் ஓடும். அதனால் மலைக் கிராமத்தின் பெயரைவிட அடிவாரத்தில் இருக்கும் பணித்தள முகவரிதான் நல்லது. பின்கோடும் மகனுடைய கைபேசி எண்ணும் கட்டாயம் எழுதுங்கள்.

முந்திரிக்கொத்து என்றால் உள்ளே வைக்கும் தேங்காயை ஈரம் போகச் சிவக்க வறுத்திருக்க வேண்டும். அரைகுறையாக வறுத்தால் வழியிலேயே சிக்கு வாடை வந்துவிடும். அச்சுமுறுக்கு உடையாமல் போக வேண்டுமானால் பிஸ்கட் டின்னில் அடுக்கி, இடைவெளியெல்லாம் பொரியைக் கொட்டி நிரப்புங்கள். டின்னைக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. அட்டைப்பெட்டி மட்டும் வேண்டாம். மண் வீட்டில் எலித் தொல்லை உண்டு; இறுக்கமான மூடி போட்ட டின்தான் தாங்கும். இன்னொன்று, அந்தப் பலகாரத்தை உங்கள் மகன் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஒரு கிலோ மிட்டாயும் சேர்த்து அனுப்பினால் எல்லாருக்கும் எண்ணிக் கொடுக்க வசதியாக இருக்கும்.

புதிதாகப் போயிருக்கும் தம்பி: குளிர் தாங்க முடியவில்லை. அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

கதவைச் சாத்திக்கொண்டு வைக்கவே கூடாது தம்பி. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாமல் உயிரே போய்விடும். புகை அடங்கிக் கரி சிவப்பாகக் கனன்றால் ஆபத்து போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கனலில்தான் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும். வெளியே வைத்துக் குளிர் காயுங்கள். படுக்கப் போகுமுன் வெளியிலேயே தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள்.

உடுப்பில், கனமான ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்குப் போட்டால் சூடு தங்கும். படுக்கைக்குக் கீழே வைக்கோலோ சாக்கோ விரியுங்கள், ஏனென்றால் மண்தரை சூட்டை உறிஞ்சிவிடும். ரஜாய் என்னும் பஞ்சு அடைத்த போர்வையை அங்கே சந்தையிலேயே வாங்கலாம், ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் வாய் அகன்ற டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் வெடிப்புக்கு இரவில் வாசலின் தடவி சாக்ஸ் போட்டாலே போதும்.

ஒரு மிஷனெரி தம்பதி: கிறிஸ்துமஸ் காலையில் இட்லி அவிக்க ஆசை. மாவு பொங்க மாட்டேன் என்கிறது.

அரிசிக்குக் கவலை இல்லை. சந்தையில் 'உஸ்னா' என்று கேட்டால் புழுங்கல் அரிசிதான் தருவார்கள். நாலுக்கு ஒன்று உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். பொங்காததற்குக் குளிர்தான் காரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அதே தண்ணீர் விட்டு அரையுங்கள். பாத்திரத்தை ரஜாயில் சுற்றி, சமைத்து முடித்த அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுப்பின் மேலே வைத்தால் அடிமாவு வெந்துபோகும். நம் ஊரில் எட்டு மணி நேரத்தில் பொங்குவது அங்கே இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் 25 காலைக்கு 23 இரவே அரைத்துவிட வேண்டும்.

ஆனால் ஊருக்கே கொடுப்பதாக இருந்தால் இட்லியை விட்டுவிட்டு பிட்டா செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். புது அரிசி வரும் காலம் அது. அரிசிமாவுக்குள் பருப்பு வைத்து ஆவியில் வேகவைப்பார்கள், நம் கொழுக்கட்டை மாதிரி. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அது கைவந்த வேலை. உங்களோடு அவர்களும் உட்கார்ந்து பிடித்தால் 24 சாயங்காலமே பண்டிகை களைகட்டிவிடும்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அப்பா: 25 காலையில் கூப்பிட்டால் மகள் எடுப்பதே இல்லை என்கிறார்கள். எப்போது பேசலாம்?

அன்று விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும் ஐயா. ஆராதனை முடிந்து, சமையல் முடிந்து, ஒவ்வொரு கிராமமாக நடந்து திரும்ப வேண்டும். மலையில் ஏதாவது ஒரு மேட்டிலோ மரத்தடியிலோதான் டவர் கிடைக்கும். டிசம்பரில் அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அதற்குப் பிறகு மேடு ஏறிப் போய்ப் பேசச் சொல்லாதீர்கள். 26 மதியம் இரண்டு மணி என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருங்கள்.

20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கணக்குக்கு நாலு தடவை வரும் போலத் தெரிந்தாலும், சேதாரம் போக 5,000 எம்ஏஎச் போனை இரண்டரை, மூன்று தடவைதான் நிரப்பும்.

வாலிபர் சங்கச் செயலாளர்: பணித்தளப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி அனுப்ப விரும்புகிறோம்.

ஊரிலிருந்து மூட்டை கட்டாதீர்கள். அளவு சேராது, பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்து ஐந்து பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனால் அந்த மனத்தாங்கல் வருஷம் முழுக்க இருக்கும். பயன்படுத்திய துணி வேண்டவே வேண்டாம். பணமாக அனுப்புங்கள். மிஷனெரி வயது வாரியாகப் பட்டியல் எடுத்து, சபை மூப்பர்களோடு போய் வாரச்சந்தையில் வாங்கட்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. ஜார்க்கண்ட் மதச் சுதந்திரச் சட்டம், 2017, ஆசைகாட்டி மதம் மாற்றுவதைக் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. சிறுவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொடர்பாக என்றால் நான்கு ஆண்டு வரை. மால்தோ மக்கள் பழங்குடியினர். ஆகவே ஏற்கெனவே உள்ள சபைக் குடும்பங்களுக்குள், சபைப் பெயரில், ரசீதோடு கொடுப்பதுதான் முறை. கொடுப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லி மிஷனெரியை நெருக்காதீர்கள். வம்பு வந்தால் நிற்கப்போவது அவர்.

வீடு வீடாகப் பாடிப் போகும் கீதபவனிக்கும் நள்ளிரவு ஆராதனைக்கும் ஒலிபெருக்கி வைக்கலாமா?

திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை தடை. 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி, ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் பண்டிகை நாட்களில் நள்ளிரவு 12 வரை மாநில அரசு விலக்குத் தரலாம். 24 அந்தப் பட்டியலில் உண்டா என்று விசாரித்து, இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். நகல் ஒன்று பவனிக்குப் போகிறவர் கையில் இருக்கட்டும். மலைக் கிராமத்தில் ஒலிபெருக்கி இல்லாமலே பாட்டு கேட்கும் என்பது என் எண்ணம். நம் கீர்த்தனையை மொழிபெயர்த்துப் பாட வைப்பதைவிட, அவர்களே கட்டிய பாட்டை அவர்கள் மேளத்தோடு பாடவிடுங்கள்.

தனியாக ஊழியம் செய்யும் ஒரு அக்கா: வீடு வீடாகப் போகும்போது அரிசி மது கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது.

நீட்டிய பிறகு மறுப்பதால்தான் வாடுகிறது அக்கா. உட்கார்ந்தவுடனே "எனக்குப் பொரியும் தேநீரும் போதும்" என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். கொடுக்க அவர்களுக்கும் ஒன்று கிடைத்துவிடும். இரவுப் பவனி முடிந்து தனியே இறங்க வேண்டாம். கடைசி வீட்டை, தங்கப்போகும் வீடாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ஒருவர்: 25-ஐ நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. தனிமையை எப்படித் தாங்குவது?

25-ல் உங்களுக்கு நினைக்கவே நேரம் இருக்காது தம்பி. கனப்பது 26 முதல் 30 வரை. வேலை திடீரென்று நின்றுவிடும், கூட இருந்தவர்கள் கீழே போயிருப்பார்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கறிச்சோறு சாப்பிடும் வீடியோ வரும். அந்த ஐந்து நாளுக்கு இப்போதே வேலை வையுங்கள். நோயால் ஆராதனைக்கு வராதவர்கள் வீடுகளுக்கு இரண்டு நாள். பண்டிகையில் கேட்ட புதிய மால்தோ சொற்களை நோட்டில் ஏற்ற ஒரு நாள். மால்தோ திராவிட மொழி என்பதால் வாக்கிய அமைப்பு உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். மற்ற நாட்கள் 31 இரவு ஆராதனைக்கான ஆயத்தம். புத்தாண்டுக்கு வசனம் அச்சிட்டு ஊரிலிருந்து வரும் தமிழ் வாக்குத்தத்த அட்டை அங்கே உதவாது. படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு வசனத்தை அவர்கள் மொழியில் மூன்று முறை சொல்லிக் கொடுத்து மனப்பாடமாக அனுப்புங்கள்.

ஒரு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் மூத்த ஊழியரிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் அடிவாரத்தில் போய்த் தங்குங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

விடுமுறையில் வந்த மகனுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்கிறார்கள்.

மருத்துவரிடம் "ஜார்க்கண்ட், சாகிப்கஞ்ச் பக்கம் இருந்துவிட்டு வந்திருக்கிறார்" என்று நீங்களே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இன்றைக்கே மலேரியா சோதனை எடுக்க வேண்டும். அங்குள்ள பால்சிபாரம் வகை வேகமாக முற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், எடை குறைவு, இடப்பக்க வயிற்றில் மண்ணீரல் வீக்கம் என்றால் காலா அசார் சோதனையும் கேளுங்கள். சாகிப்கஞ்ச், பாகுர், கொட்டா, தும்கா நான்கும் அந்த நோய் உள்ள மாவட்டங்கள். மண்சுவர் வெடிப்பில் வாழும் மணல் ஈ கடித்து வருவது அது. தமிழ்நாட்டில் அதை உடனே சந்தேகிக்க மாட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர டிக்கெட் எப்போது போடுவது?

ரயில் முன்பதிவு அறுபது நாள் முன்புதான் திறக்கும். டிசம்பர் 22 பயணத்துக்கு அக்டோபர் 23 காலை 8 மணி. டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளிப் பனிமூட்டத்தால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும். ஹவுராவில் அடுத்த வண்டிக்கு ஒரு இரவு இடைவெளி விடுங்கள். அன்று பகல் மிஞ்சினால் லோக்கல் ரயிலில் செராம்பூர் போய் வரலாம். பின்னாளில் பேராயரான வி.எஸ். அசரியா உள்ளிட்டோர் 1905 டிசம்பர் 25 அன்று இந்திய தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது அங்கே, கேரி நூலகத்தில்தான்.

அங்கே சர்க்கரைப் பொங்கல் வைப்பது எப்படி?

ஜனவரியில் அங்கே ஈச்சம் வெல்லம் புதிதாக வரும். ஒரு பங்கு பச்சரிசி, கால் பங்கு பாசிப்பருப்பு, ஒன்றரைப் பங்கு வெல்லம். பால் கொதிக்கும்போது அந்த வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும். சோறு குழைந்ததும் இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகு வெல்லப்பாகை ஊற்றிக் கிளறுங்கள்.