கணினிக்குள் ஒரு பார்

கேள்வி: போன இதழில் அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் படங்களில் வரும் இணைய உலகங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை எழுதிய ஒருவரைப் பற்றித்தான் அதில் பாதி. பெரியவர்கள் படிக்கும் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அந்தப் 'பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை எழுதியவர்' யசுதகா சுட்சுய், 1934இல் ஒசாகாவில் பிறந்தவர். பிள்ளைகளுக்கு எழுதினார், உண்மைதான். 1965இல் ஒரு மாணவர் பத்திரிகையில் அவர் ஆரம்பித்த தொடரில், பள்ளி ஆய்வகத்தில் லாவண்டர் வாசனையை முகர்ந்த சிறுமி காலத்தைத் தாண்டத் தொடங்குகிறாள். 2006இல் இயக்குநர் மமோரு ஹொசொடா அதை அனிமேஷன் ஆக்கியபோது அந்தச் சிறுமியைச் சித்தியாக்கிவிட்டு, அடுத்த தலைமுறைப் பெண்ணைத் தாண்ட வைத்தார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பெரியவர்களுக்கென்று அவர் எழுதிய நையாண்டிக் கதைகளில் சிலவற்றை வீட்டு அலமாரியில் மேல்தட்டில்தான் வைக்க வேண்டும்.

1991 அக்டோபரில் ஆசாஹி நாளிதழில் ஒரு தொடர்கதை தொடங்கினார். கதை மாந்தர்கள் கணினி விளையாட்டு ஆடுகிறார்கள். அவர்களை ஓர் எழுத்தாளர் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த எழுத்தாளரையும் ஒருவர் எழுதுகிறார். வாசகர்கள் கடிதம் போடலாம், அல்லது தொலைபேசி இணைப்பில் மோடத்தை மாட்டி, எல்லோரும் படிக்கும் கணினி அறிவிப்புப் பலகையில் கருத்து எழுதலாம். கதை அதைக் கேட்டு வளைந்தது. திட்டி எழுதியவர்களும் கதைக்குள் வந்து மாட்டிக்கொண்டார்கள். தொடர்கதை போடுகிற எந்தப் பத்திரிகை ஆபீஸிலும் இந்த ஆசை உண்டு, ஐயா. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கும் வந்தது.

அதே சமயத்தில் ஒரு பெண்கள் பத்திரிகையில் எழுதிவந்த 'பாப்ரிகா', அடுத்தவர் கனவுக்குள் நுழைந்து வைத்தியம் பார்க்கும் பெண்ணின் கதை, 1993இல் புத்தகமாக வந்தது. அந்த வருஷமே வேறொரு தகராறு. அவருடைய பழைய சிறுகதை ஒன்று உயர்நிலைப் பள்ளிப் பாடநூலில் சேர, அதில் வலிப்பு நோயைக் காட்டிய விதத்துக்கு நோயாளிகள் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. இவரோ இனி எழுதவே போவதில்லை என்று அறிவித்து, மூன்று வருஷத்துக்கு மேல் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்கு அது கொஞ்சம் வீம்பாகத்தான் படுகிறது.

அப்புறம் 2006. ஹொசொடாவின் படம் வந்த அதே வருஷம், அதே மேட்ஹவுஸ் ஸ்டுடியோவில் சதோஷி கோன் 'பாப்ரிகா'வைப் படமாக்கினார். அதில் ஒரு போலீஸ் துப்பறிவாளர் தன் கெட்ட கனவுக்கு வைத்தியம் தேடி ஓர் இணையதள முகவரியைத் திறக்கிறார். திரையில் ஒரு பார். கவுண்டருக்குப் பின்னால் இரண்டே இரண்டு பரிமாறுபவர்கள். ஒருவருக்குக் குரல் கொடுத்தவர் இயக்குநர் கோன், இன்னொருவருக்கு சுட்சுய். இணைய உலகத்தைக் கதையாக எழுதிப் பார்த்த மனிதர், பதினைந்து வருஷம் கழித்து அப்படியொரு உலகத்துக்குள்ளேயே கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஹொசொடாவின் பிந்தைய படங்களில் வரும் இணைய உலகங்கள் பிரம்மாண்டமானவை. 2021 படத்தில் கணக்கு வைத்திருப்போர் 500 கோடி. எனக்கு இந்தச் சின்ன பார்தான் பிடித்திருக்கிறது. இரைச்சல் இல்லை. ஒரு மனிதன் வருகிறான், உட்காருகிறான், தனக்கு சினிமாவே பிடிக்காது என்கிறான். அது பொய் என்பது படம் போகப் போகத் தெரிகிறது. இளவயதில் நண்பனோடு சேர்ந்து படம் எடுக்கத் தொடங்கி, பாதியில் விட்டவன் அவன்.

கோன் 2010இல், 46 வயதில் புற்றுநோயால் இறந்தார். 'பாப்ரிகா'தான் அவர் முடித்த கடைசி முழுநீளப் படம். அதன் கடைசிக் காட்சியில் அந்தத் துப்பறிவாளர் தியேட்டர் வாசலில் நிற்கிறார். உள்ளே ஓடுவது, கனவு காணும் குழந்தைகள் என்ற பெயருள்ள படம். கவுண்டரில் அவர் கேட்பது இதுதான்: "பெரியவருக்கு ஒரு டிக்கெட்."