கான்கூன் வேண்டாம், துலூமில் தங்குங்கள்
ஜூலையில் 5 நாள், அம்மாவும் 8 வயது மகனும் கூட வருகிறார்கள், கடற்கரை, பழைய மாயன் நாகரிக இடிபாடு, ஆமை எல்லாம் பார்க்க மெக்சிகோவின் கான்கூனில் தங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அங்கிருந்து மாயன் இடிபாடு இருக்கும் துலூம் சுமார் 130 கிலோமீட்டர், போய் வருவதிலேயே அம்மா களைத்துவிடுவார். துலூம் கோயில்கள் கடலோரப் பாறை மேல் நிற்கின்றன, நிழல் ரொம்பக் குறைவு, அதனால் காலையில் திறந்ததுமே போய்விடுங்கள். இடிந்த சுவர்களில் உடும்பு மாதிரி பெரிய இகுவானாக்கள் அசையாமல் வெயில் காயும், பையன் அங்கிருந்து நகரவே மாட்டான். ஆமை பார்க்க துலூமுக்கு வடக்கே உள்ள அகுமால் கடற்கரைக்குப் போங்கள், அவை அங்கே கடற்புல் மேய வருபவை, தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். அப்புறம், ஜூலையில் சர்காசம் பாசி கரையில் குவியலாம், அழுகினால் கூமுட்டை நாற்றம்தான். அன்றைக்குக் கடலை விட்டுவிட்டு செனோட்டே என்கிற சுண்ணாம்புப் பாறைக் குளத்துக்குப் போங்கள், சன்ஸ்கிரீன் மட்டும் பூசாமல் இறங்குங்கள், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.