அடையாள அட்டைப் படத்திலிருந்து ஒரு முகம்

அம்மா, சென்ற வாரம் நீங்களும் கணவரும் அளவெட்டியிலிருந்து வந்து என்னுடன் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும், உங்கள் மகள் கொப்பியின் பின்பக்கத்தில் தந்தையின் முகத்தைக் கீறிக்கொண்டிருந்தாள். சாதாரண தரப் பரீட்சையில் சித்திரப் பாடத்துக்கு ஏ எடுத்த அவளை உயர்தர வகுப்பில் உயிரியல் பிரிவில் சேர்க்க வேண்டும், பல்கலைக்கழக இடம் கிடைக்காவிட்டால் காணியை ஈடுவைத்தாவது வெளிநாட்டில் மருத்துவம் படிப்பிக்க வேண்டும் என்று கனடாவிலுள்ள மாமா வற்புறுத்துவதாகச் சொன்னீர்கள். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் காணியை ஈடுவைக்காதீர்கள். பிள்ளை விரும்பாத படிப்புக்காகப் படும் கடனை அடைக்கப்போகிறவர் மாமா அல்லர்.

ஒருவரின் முகத்தை அச்சாக வரையும் பிரதிமை ஓவியத்தை ஒரு தொழிலாக நீங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. 1995இல் போரினால் யாழ்ப்பாணத்தில் நேர்ந்த இடப்பெயர்வில் அல்பங்களை விட்டு ஓடிய எத்தனையோ வீடுகளில், இறந்தவருக்கென எஞ்சியிருப்பது அடையாள அட்டையிலுள்ள முத்திரையளவு கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே. திவசத்துக்காக அதைக் கணினியில் பெருப்பித்தால் கண்கள் கரைந்து புள்ளிகளாகிவிடுகின்றன. ஓவியரோ மூத்த மகனை முன்னால் இருத்தி, அவருடைய காதிலும் தாடையிலும் தந்தையைத் தேடுகிறார். ஐதான மண்ணிற எண்ணெய் வர்ணத்தில் நிழல்களை முதலில் இட்டு, அது காய்ந்தபின் மஞ்சட் காவியும் செங்காவியும் கலந்து தோலை எழுப்புகிறார். நமது மாநிறத்தின் நிழலில் கறுப்பைக் கலந்தால் அது சாம்பல் பூத்துவிடும் என்பதால் அங்கே நீலத்தைச் சேர்க்கிறார். கடைசியாகக் கருவிழியில் ஊசிமுனையளவு வெள்ளை வைத்ததும் அந்த மனிதர் நம்மைப் பார்க்கத் தொடங்குகிறார். அன்று உங்கள் மகள், தந்தையின் இடது இமை சற்றுத் தாழ்ந்திருப்பதைக் கீறியிருந்தாள். உடன் வாழ்ந்த நீங்கள் அதை அப்போதுதான் கவனித்தீர்கள்.

ஓவியர் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் சித்திரக் கழகத்தைத் தொடங்கிய ஊர் நம் யாழ்ப்பாணம். மருதனார்மடத்தில் 1960இல் இராமநாதன் நுண்கலைக் கழகமாகத் தோன்றி, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடமாக இயங்கும் இடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாகவே உண்டு. படிப்புக் கட்டணம் கிடையாது. வர்ணத்துக்கும் கன்வஸுக்கும் செலவாகும், முதற்சில ஆண்டுகள் வருமானமும் ஒழுங்காக வராது. ஆகவே விலையை எழுத்தில் கொடுத்து, பாதியை முற்பணமாக வாங்க அவள் இப்போதே பழக வேண்டும்.

உயர்தரத்தில் சித்திரம் எடுக்கக் கலைப்பிரிவு விண்ணப்பத்தில் ஒப்பமிடுங்கள். மாமாவுடன் நானே பேசுகிறேன். அவருடைய தாயாரின் அடையாள அட்டை உங்கள் வீட்டில் இருந்தால், அதை மகளிடம் கொடுத்துவையுங்கள்.