லாஸ் ஏஞ்சலஸ் நடைபாதையும் கோடிக்கணக்கான டாலரும்: கேள்வி பதில்

கேள்வி: சார், இவ்வளவு செலவழித்தும் லாஸ் ஏஞ்சலஸ் நடைபாதையில் வீடற்றோரின் கூடாரங்கள் ஒழியவில்லையே, பணம் எங்கே போகிறது?

பதில்: ஒரு பெரிய பங்கு கட்டடத்துக்கு. வீடற்றோருக்கு வீடு கட்ட, 2016-இல் மக்கள் வாக்களித்து 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். பத்தாண்டில் 10,000 வீடு வரை வரும் என்றார்கள். 2022-இல் நகரத் தணிக்கையில் பார்த்தால், கட்டுமானத்தில் இருந்த வீடு ஒன்றுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 6 லட்சம் டாலர்! பங்களா இல்லை, பல வீடுகள் ஒரே அறைதான். ஒரு கட்டடத்துக்குப் பல இடங்களில் நிதி திரட்ட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் தனி விண்ணப்பம், தனி நிபந்தனை. அதெல்லாம் முடிகிறவரை ஆள் நடைபாதையில்தான்.

கேள்வி: அப்போ அத்தனையும் தண்டம்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். வீடு கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் அங்கேயே நிலைத்துவிடுகிறார்கள். சிக்கல் வாசலில் இருக்கிறது. 2020 கணக்குப்படி லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (நகரமும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த மாவட்டம்) நாளுக்கு 207 பேர் தெருவாழ்க்கையிலிருந்து மீண்டார்கள். 227 பேர் புதிதாக வீடிழந்தார்கள். வாடகை இப்படி ஏறினால் வேறென்ன நடக்கும்?

கேள்வி: அண்ணா, டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் மட்டும் எப்படிச் சாதித்தது?

பதில்: அங்கே 2011-க்குப் பிறகு வீடற்றோர் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். கட்டி முடிக்கக் காத்திருக்காமல், காலியாக இருந்த அபார்ட்மென்ட்களை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே வாடகை மலிவு. 'ஹூஸ்டனைப் பார்' என்றால் லாஸ் ஏஞ்சலஸ்காரருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

கேள்வி: வீடற்றோர் எண்ணிக்கையை நம்பலாமா?

பதில்: ஓரளவுக்கு. ஜனவரி இரவில் தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் போய்க் கூடாரம், வேன், படுத்திருப்பவர் என்று குறித்துக்கொள்வார்கள். கூடாரத்தை விலக்கிப் பார்ப்பதில்லை. உள்ளே எத்தனை பேர் என்பதற்குத் தனி சர்வேயின் சராசரியைப் போட்டுப் பெருக்குவார்கள். கவுண்டியில் 2023-இல் 75,518 பேர், 2024-இல் 75,312. இந்த 206 பேர் வித்தியாசத்தை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2025-இல் 72,308, சரி, இதைக் கொஞ்சம் நம்பலாம்.

கேள்வி: மேலே யாரும் கணக்குக் கேட்பதில்லையா?

பதில்: 2024 ஏப்ரலில் மாநிலத் தணிக்கையாளர் கேட்டார். கலிஃபோர்னியா ஐந்து நிதியாண்டில் வீடற்றோருக்காகச் செலவிட்டது சுமார் 2,400 கோடி டாலர். ஐந்து திட்டங்களை எடுத்துப் பார்த்ததில் மூன்றை எடைபோடத் தரவே போதவில்லை. தேறியவை இரண்டு. ஒன்று, மோட்டல்களை வாங்கி வீடாக்கும் ஹோம்கீ. மற்றது, வீடிழந்த, இழக்கவிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்குக் கைகொடுத்தது.