நெருக்கடி வந்தால் நிறுவனத்துக்காகப் பொய் சொல்வதும் மக்கள் தொடர்பு வேலையில் சேர்த்திதானா?

மக்கள் தொடர்பு (பி.ஆர்.) வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. மேலே இருக்கும் யாரோ ‘இதைக் கொஞ்சம் பக்குவமாக எழுதிக் கொடு’ என்று கேட்டிருப்பார். அப்படி யாரும் கேட்காமல் இந்தச் சந்தேகம் வராது.

சேர்த்தி இல்லை. நான் இருந்த ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் தகவல்கள் கசிந்துவிட்டன. நிருபர்களிடமிருந்து ஃபோன் மேல் ஃபோன். எத்தனை பேருடைய தகவல் போனது என்று தொழில்நுட்பக் குழுவுக்கே அப்போது தெரியாது. அதற்குள் நிர்வாகத்திலிருந்து ஒரு வரி வந்தது: ‘மிகச் சில வாடிக்கையாளர்கள் மட்டுமே பாதிக்கப்பட்டுள்ளனர்.’ யார் எண்ணியது என்று கேட்டேன். யாரும் எண்ணவில்லை. ‘இப்படிச் சொன்னால்தான் பதற்றம் அடங்கும்’ என்றார்கள். என் பெயரில் அது போகாது என்று சொல்லிவிட்டேன். ‘எத்தனை பேர் என்று இன்னும் தெரியவில்லை. எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். நாளை மாலை மீண்டும் தகவல் தருகிறோம்’ என்று எழுதினேன். சட்டப் பிரிவு ‘தெரியவில்லை’யை அடிக்கும், நான் திரும்பப் போடுவேன். நள்ளிரவு வரை இதே கூத்து. கடைசியில் என் வாசகம்தான் போனது. எண்ணி முடித்தபோது கணக்கு ‘மிகச் சில’ பக்கத்தில்கூட இல்லை.

‘பெரிய உத்தமர்’ என்று கமெண்ட் போடப் போகிறவர்களுக்கு: எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்லவில்லை. விசாரணையில் இருப்பதையும் பாதிக்கப்பட்டவர்கள் பெயரையும் சொல்லாமல் இருக்கலாம். எண்ணாத கணக்கைச் சொல்வது வேறு.

2010-இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது, நாளொன்றுக்கு 5,000 பீப்பாய் கசிவதாக முதலீட்டாளர்களிடம் சொன்னது பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம். பின்னர் அமெரிக்க அரசுத் தரப்பு விஞ்ஞானிகள் போட்ட கணக்கு 50,000-ஐத் தாண்டியது. அந்தக் குறைத்த எண்ணுக்காகவே அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையத்துக்கு 52.5 கோடி டாலர் கட்ட 2012-இல் ஒப்புக்கொண்டார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணமாக எல்லோரும் சொல்வது 1982-இல் நடந்த டைலெனால் என்ற வலிநிவாரணி மாத்திரை விவகாரம். யாரோ மாத்திரையில் சயனைடு கலந்து சிகாகோ பகுதியில் 7 பேர் இறந்தார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் 3 கோடிக்கும் மேற்பட்ட புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பலர் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. தங்கள் ஆலையில் சயனைடே கிடையாது என்று முதலில் சொல்லியிருந்தார்கள். தரச் சோதனைக்குச் சிறிதளவு இருந்தது தெரியவந்ததும் ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். (‘அதே கம்பெனி மேல் பேபி பவுடரால் புற்றுநோய் வந்ததாக வழக்குகள் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. நான் 1982-ஐப் பற்றி மட்டும் பேசுகிறேன்.)

பொய்யை எழுதித் தரும்படி உங்களிடம் வாய்மொழியாகச் சொன்னால், ‘மெயிலில் அனுப்பிவிடுங்கள், பார்க்கிறேன்’ என்று கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தகவல் கசிவுச் சம்பவத்தை ‘சிறப்பாகக் கையாண்டதற்கு’ மேடையேறி விருது வாங்கியவர் எங்கள் மார்க்கெட்டிங் தலைவர். அந்த வாரம் முழுக்க அவர் விடுமுறையில் இருந்தார். வாடிக்கையாளர் சேவைப் பிள்ளைகள் ராத்திரி பகலாக ஃபோனில் வசவு வாங்கினார்கள், அவர்களுக்கு ஒரு நன்றி மெயில்கூடப் போகவில்லை.