சாட்டன் நிலங்கள்: பெயர் ஒன்று, குடும்பம் வேறு

வணக்கம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரிலுள்ள சாட்டன் கிராமத்து நிலக்கிழார்கள் தலைமுறைகளாக ‘நைட்’ என்ற குடும்பப் பெயரிலேயே இருந்தும், தேவாலயப் பதிவேட்டில் தந்தை–மகன் தொடர்ச்சி கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தேடலில் பிழையில்லை. அந்தத் தொடர்ச்சியே கிடையாது!

1679இல் சர் ரிச்சர்ட் நைட் பிள்ளையின்றி இறந்தார். சொத்து மார்ட்டின் குடும்பத்து உறவினருக்குப் போனது. வந்தவர்கள் நைட் என்ற பெயரை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வழியும் அற்றபின் வந்த தாமஸின் கதைதான் வியப்பு. பிறப்பால் பிராட்னாக்ஸ். ஒரு சொத்துக்காக 1727இல் ‘மே’ ஆனார். சாட்டனுக்காக 1738இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ‘நைட்’ ஆனார். ஒரே மனிதர், மூன்று குடும்பப் பெயர்கள். பதிவேட்டில் எப்படிப் பிடிபடுவார்? அவர் மகன் 1794இல் பிள்ளையின்றி இறக்க, அந்த மகன் சுவீகரித்திருந்த எட்வர்ட் ஆஸ்டினுக்கு நிலம் வந்தது. எட்வர்டும் 1812இல்தான் நைட் ஆனார்.

ஆகவே ஞானஸ்நானப் பதிவுகளைச் சற்று ஒதுக்கிவிட்டு உயில்களைத் தேடுங்கள். கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தில் பதிவான, 1858க்கு முந்தைய உயில்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடும்ப ஆவணங்கள் வின்செஸ்டரில் உள்ள ஹாம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலில் சர் ரிச்சர்டின் உயிலைப் படியுங்கள்.